பொன்னுலிங்கத்தின் வலது கால்

என் வீட்டுக்காரரின் வலது காலுக்கு எங்கள் ஊரில் இருந்த மரியாதை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நான் ஒன்று சொன்னால் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்கள். கால் சொன்னால் ஊரே அப்படியே நம்பும்.

அவர் பெயர் பொன்னுலிங்கம். இரண்டு கோட்டை விதைப்பாடு வயலும், வடசேரிச் சந்தைக்குக் குலை வெட்டிக் கொண்டுபோகிற அளவுக்கு ஒரு வாழைத் தோட்டமும் உண்டு. வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கரப்பான் என்கிற தோல் நோயும் உண்டு. கறுத்துத் தடித்து, பலாச்சக்கைத் தோல் மாதிரி முரடாக இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று வேட்டியைத் தரை பெருக்கும்படி இறக்கிவிட்டு வந்தார். என் அப்பா வயலைப் பற்றிக் கேட்டார், வாழையைப் பற்றிக் கேட்டார், காலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கையில் தேங்காய்ச் சிரட்டையோடு உட்கார்ந்து கரகரவென்று சொறிந்துகொண்டிருந்தார். "சும்மா ஒரு அரிப்பு, ரெண்டு நாள்ல போயிரும்" என்றார். இருபது வருடம் ஆயிற்று.

அந்த இருபது வருடத்தில் அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், கந்தகம், பேர் தெரியாத பச்சிலை என்று வீடே ஒரு வாடை வீசும். யாரோ சொன்னார்கள் என்று மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய், கறுப்பு மணலைத் தோண்டி, காலைப் புதைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். கால் அப்படியேதான் இருந்தது. முகம் கறுத்ததுதான் மிச்சம்.

ஆனால் அந்தக் காலில் ஒரு வித்தை இருந்தது. மழை வருமுன்னே அந்த இடம் நெருப்பாக அரிக்கும். சாதாரண அரிப்பு வேறு, மழை அரிப்பு வேறு என்று அவருக்குத் தெரியும். முதலில் நான்கூடக் கேலி செய்தேன். பத்துக்கு எட்டுத் தடவை மழை வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அறுப்புக் காலம் வந்தால் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆள் கூடிவிடும். "அண்ணாச்சி, காலு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் களத்தில் நெல்லைப் பரப்புவார்கள். அவரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கண்ணை மூடி யோசித்து, "இன்னைக்குப் பயமில்ல, காயப்போடுங்கலே" என்பார். கலெக்டர் கையெழுத்துப் போடுகிற தோரணைதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

வெளியே இப்படிப் பெருமை பேசினாலும் அரிப்பு அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயிலில் போய் நேர்ந்துகொண்டார். அரிப்பு நின்றால் வெள்ளியில் கால் செய்து சாத்துகிறேன் என்று.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு மாசி மாதம் அது நடந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், "ஏட்டி வடிவு, இங்க வா" என்று கத்தினார். ஓடினேன். கரப்பானின் நடுவே ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"இங்க அரிக்கல்லட்டி."

"சொறிஞ்சு பாருங்க."

"சொறிஞ்சாச்சு. ஒண்ணுமே தெரியல்ல. மரம் மாதிரி கிடக்கு."

தொட்டுப் பார்த்தேன். ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குக் கெட்டியாக, கொஞ்சம் புடைத்துக்கொண்டு இருந்தது. சுற்றிலும் பழைய அரிப்பு உண்டுதான். ஆனால் நடுவில் குணமாகத் தொடங்கிவிட்டது, இனிப் பையப் பைய மற்ற இடமும் ஆறிவிடும் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். இருபது வருடம் அரித்த இடம் அரிக்காமல் போனால் வேறு என்ன நினைப்பது? எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். இந்தப் புத்தியை நினைத்து நான் என்னையே திட்டாத நாள் இல்லை.

அடுத்த வாரமே வடசேரியில் கிருஷ்ணமணி ஆசாரியிடம் போனோம். ஆசாரி கடையில் நேர்ச்சைக்கு என்றே கை, கால், கண் எல்லாம் வெள்ளித் தகட்டில் அடித்து வைத்திருப்பார். ஒரு காலை எடுத்து நீட்டினார். இவர் தொடக்கூட இல்லை.

"இது யாரு காலோ! எனக்கு என் காலுதான் வேணும். சுண்டுவிரல் எனக்கு வளைஞ்சு இருக்கும், அதும் வரணும்."

"அம்மன் விரல எண்ணியா பாக்கப் போறா, அண்ணாச்சி?"

"குணமாக்குனது என் காலையாக்கும். பொறவு வேற ஒருத்தன் காலைக் கொண்டு வச்சா அவளுக்குத் தெரியாதா?"

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டு நூல் எடுத்து அளந்தார். சாண் நீளத்தில் செய்வதாகப் பேச்சு. அளக்கும்போது அவர் கை அந்தப் புடைப்பில் நின்றது. "இந்த முண்டும் வரணுமா?" என்று கேட்டார்.

"அது வேண்டாம். ஆறிக்கிட்டு வருது. அத வழுவழுன்னு ஆக்கிரும்."

ஆசாரி வழுவழுவென்றே ஆக்கிக் கொடுத்தார். அப்படி அழகான காலை நான் பார்த்ததே இல்லை. வைகாசியில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா வந்தது. இவர் வெள்ளிக்காலைத் தாம்பாளத்தில் வைத்து, மேளம் முன்னால் போக, ஊரைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சாத்தினார். வில்லுப்பாட்டுக்காரர் நடுவில் பாட்டை நிறுத்தி, பொன்னுலிங்கம் காலைக் குணமாக்கிய தாயே என்று இரண்டு வரி சேர்த்துப் பாடினார். எல்லாரும் குலவையிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கரப்பான்காரர்கள் இவரைப் பார்க்க வந்தார்கள். இவரும் முறுக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

ஆடி பிறந்தபோது ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். எப்போதும் வேட்டியை மடித்துக் கட்டித் திரிகிற மனுஷன் வயலுக்குள்ளேகூட வேட்டியை இறக்கிவிட்டு நடந்தார். முதலில், பெரிய மனுஷன் ஆகிவிட்டார் போலிருக்கிறது என்று கிண்டல் செய்தேன். பிறகு துணி துவைக்கும்போது வேட்டியின் உட்புறத்தில் ரத்தப் பொட்டு. மறுநாளும் பொட்டு. மூன்றாம் நாள் அவர் குளித்துவிட்டு வரும்போது வாசலை மறித்து நின்றேன்.

"வேட்டியத் தூக்குங்க."

"என்னட்டி இது, பட்டப்பகல்ல!"

"தூக்குங்கன்னு சொன்னேன்."

தூக்கினார். பாக்கு அளவில் இருந்தது இப்போது எலுமிச்சங்காய் அளவு. மேலே பிளந்து, ஓரமெல்லாம் தடித்து, கைபட்டால் ரத்தம் கசிந்தது. மோசமான வாடை வேறு. வலிக்கிறதா என்றேன். "அவ்வளவா இல்ல" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் அசையவில்லை. "குணமாச்சுன்னு காலைச் சாத்தியாச்சு. வில்லுல பாடியாச்சு. இப்போ அதே காலைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போனா, அம்மன் பொய் சொன்னான்னு ஆகும்லா? அவ சும்மா விடுவாளா? ஊருதான் சும்மா இருக்குமா?"

"அம்மன் எப்போ வந்து குணமாக்கிட்டேன்னு உங்ககிட்ட சொன்னா? நீங்கதான் முந்திக்கிட்டுக் கொண்டுபோய் நீட்டுனீங்க."

"வாய அடக்கு. அறுப்பு முடியட்டும், பாப்போம்."

அறுப்பு முடியட்டும், ஆயுதபூசை கழியட்டும் என்று தள்ளுகிற ஆளை எனக்குத் தெரியாதா? பேசாமல் இருப்பது போல இருந்தேன். அடுத்த சந்தை நாளில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் லீமாவைப் பிடித்தேன். லீமா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தன வருசமா அந்தக் கரப்பான் இருக்குக்கா?"

"இருபதுக்கு மேல."

"அரிப்பு நின்ன எடத்துலதான் கட்டி வந்துச்சா?"

"அதத்தானே மக்கா குணம்னு நெனச்சோம்."

லீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வருசக்கணக்கா ஆறாம, புண்ணும் பொருக்குமாக் கிடக்குத தோலுல அபூர்வமா இப்படி வருங்க்கா. எல்லாக் கரப்பான்காரருக்கும் வராது. ஆனா கட்டி புடைச்சு, வெடிச்சு, ரத்தம் கசிஞ்சா கேன்சரான்னு பாத்தே ஆகணும். சீக்கிரம் வந்தா அந்த எடத்த மட்டும் வெட்டி எடுக்கலாம். நாள் போனா எலும்பத் தொட்டிரும், அப்போ கால எடுக்கணும். அதுக்கும் பொறவுன்னா..." அவள் முடிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது. நான் சந்தைக்குப் போகாமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அவரிடம் அழுதேன், கத்தினேன், மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. நாலாம் நாள் நானே பேசிவிட்டேன். அவர் பயந்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். டாக்டருக்குப் பயம், அம்மனுக்குப் பயம், இரண்டையும்விட ஊர் சிரிக்கும் என்கிற பயம். இப்படியே புரட்டாசியும் வந்தது.

முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு மும்முரம். எங்கள் வயல் முதலிலேயே அறுத்து நெல் வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வயல் தங்கப்பனின் நெல் மட்டும் களம் முழுக்கப் பரந்து கிடந்தது. தங்கப்பன் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பயிர் செய்கிறவர். ஐப்பசியில் மகள் கல்யாணம். அந்த நெல்லை நம்பித்தான் நாள் குறித்திருந்தார். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

காலையிலிருந்தே இவர் ஒரு நிலையில் இல்லை. வாசல் நிலையில் காலைத் தேய்ப்பார், எழுந்து நடப்பார், மறுபடி தேய்ப்பார். கட்டியைச் சுற்றியிருந்த பழைய கரப்பான் நெருப்பாக அரிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"மழ அரிப்பா?" என்றேன்.

அவர் மறுபடி காலை வாசல் நிலையில் தேய்த்தார்.

"தங்கப்பன்கிட்ட சொல்லுங்க."

"எப்படிட்டி சொல்ல? எனக்குத்தான் குணமாச்சே."

அந்த நேரம் பார்த்துத் தங்கப்பனே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டு களத்திலிருந்து வந்தார். இவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். தங்கப்பன் வானத்தைப் பார்த்தார், இவர் காலைப் பார்த்தார், சிரித்தார்.

"உம்ம காலு பழையபடி இருந்தா இன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன் அண்ணாச்சி. அம்மன் உமக்கு நல்லது செஞ்சா, எங்களுக்குக் கஷ்டமாப் போச்சு. சரி, வெயிலப் பாத்தா பயமில்லன்னுதான் தோணுது. சாயங்காலம் வர கிடக்கட்டும்."

சொல்லிவிட்டு நடந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இதை அவர்தான் சொல்லவேண்டும். தங்கப்பன் முற்றத்தைத் தாண்டி, வரப்பில் ஏறி, களத்துக்குப் போய்விட்டார். இவர் செம்பிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். செம்பை வைத்தார். அப்புறம் விறுவிறுவென்று களத்தைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

களத்து நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். இவர் போய் நின்று, வேட்டியைத் தொடைவரை தூக்கிக் கட்டினார்.

"எனக்குக் குணமாகல்லலே! இன்னைக்கு மழ உண்டும். அள்ளுங்க!"

ஒருவரும் அள்ளவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அந்தக் கட்டியின்மேல் இருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பார்கள் என்று இவர் எத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தார்! ஒரு ஆள் சிரிக்கவில்லை.

தங்கப்பன் கையிலிருந்த பலகையைக் கீழே போட்டார். "நெல்லு கிடக்கட்டும். நான் வண்டியக் கெட்டுகேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"முதல்ல நெல்ல மூடும் வே. உமக்கு மகள் கல்யாணம்."

"கல்யாணத்துக்கு நீரு வேண்டாமா?"

"நெல்ல மூடுனாத்தான் வண்டியில ஏறுவேன்."

இரண்டு பேரும் களத்து நடுவில் நின்று சண்டை போட்டார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க அள்ளுங்க, நீங்க வண்டியக் கெட்டுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் நெல்லுக்கும் பாதிப் பேர் மாட்டுக்கும் ஓடினார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஊர் என் சொல்லைக் கேட்டது. வண்டி பஸ் ரோட்டை எட்டுமுன் பெரும் பெரும் துளியாக மழை விழுந்தது. இவர் முகத்தை வெளியே நீட்டி நனைந்துகொண்டே, "பாத்தியாட்டி?" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். லீமா சொன்னதுதான். எலும்பைத் தொட்டுவிட்டது, முழங்காலுக்கு மேலே எடுத்தால் ஆள் பிழைக்க வழி உண்டு என்றார் பெரிய டாக்டர். மாசியிலேயே வந்திருந்தால் கட்டியோடு போயிருக்கும் என்றும் சொன்னார். பாயசம் வைத்த அந்த மாசி. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இவர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கால் வெறும் அச்சாரம்னு நெனச்சுட்டா போலிருக்கு" என்றார்.

"அம்மனைச் சொல்லாதீங்க. நம்ம புத்தியச் சொல்லுங்க."

"சரி. எடுக்கச் சொல்லு. நீ கூட இருப்பியா?"

"பொறவு எங்க போக?" என்றேன்.

காலை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். தங்கப்பன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். கரப்பானுக்கு வழி கேட்டு இப்போதும் ஆட்கள் வருவதுண்டு. "அம்மனையும் கும்பிடு, ஆஸ்பத்திரிக்கும் போ. அரிச்சா போகாட்டாலும் அரிக்காம முண்டு வந்தா அன்னைக்கே போ" என்று இப்போது மாட்டியிருக்கிற மரக்கட்டைக் காலைத் தட்டிச் சொல்லுவார். வீம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

மறு மாசியில் இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்பு. காலையில் நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். "வடிவு" என்று கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கால் அரிக்குதுட்டி."

இடது காலைப் பார்த்தேன்.

"அது இல்ல. வலது."

துடைப்பத்தைக் கீழே போட்டேன். அவர் விளையாடவில்லை. கால் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, இதோ இங்கே, பழைய இடத்திலேயே நெருப்பாக அரிக்கிறது என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எடுத்த கால் சிலருக்கு அப்படி அரிக்கும், வலிக்கும் என்று லீமா முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் எதைச் சொறிவது? கட்டைக் காலைச் சொறிந்தார், கட்டில் காலைச் சொறிந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

"வடிவு, ஒண்ணு சொன்னா சிரிப்பியா?"

"சொல்லுங்க."

"கோயிலுக்குப் போய் அந்த வெள்ளிக் காலக் கொஞ்சம் சொறிஞ்சுட்டு வாயேன்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஆனாலும் போனேன். பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் நான் ஒரு பார்வை பார்த்தேன். வெள்ளிக்காலை எடுத்துக் கொடுத்துவிட்டார். வெளிச்சத்துக்கு வந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டேன். வளைந்த சுண்டுவிரல் அப்படியே இருந்தது. கொண்டு போன சிரட்டையால் முன்பக்கத்தை நன்றாகச் சொறிந்தேன்.

அந்த வழியாகத் தங்கப்பன் ஓலைக் கடவத்தில் நெல் சுமந்துகொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். மடியில் இருந்த காலைப் பார்த்தார். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன். கடவத்தோடு திரும்பிக் களத்தைப் பார்த்து ஓடினார். "ஏலே, அள்ளுங்கலே! அண்ணாச்சிக்குக் காலு அரிக்குதாம்!" என்று அவர் போட்ட சத்தம் குளத்தங்கரை வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் காத்துக்கொண்டிருந்தார்.

"சொறிஞ்சியா?"

"சொறிஞ்சேன்."

கொஞ்சநேரம் கண்ணை மூடிப் பார்த்தார்.

"இப்போ தேவல" என்றார். "இன்னும் கொஞ்சம் கீழ தள்ளிச் சொறிஞ்சிருக்கலாம்."